இரண்டு ஜில்லாக்காரி

சிற்றாங்கரையில் யாராவது “எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொன்னால் அதைக்கூட ஆவுடைத்தாய் நம்ப மாட்டாள். தெரியாதவனுக்கு முகம் ஏன் வேர்க்கிறது, தெரியாதவன் ஏன் அவசரமாகச் செருப்பைத் தேடுகிறான் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அவள் வேலை அப்படி. இல்லை, அவளே அப்படித்தான். வேலை அதற்குத் தோதாக வாய்த்தது.

சீவலப்பேரிக்குக் கிழக்கே டவுண் பஸ் வந்து திரும்புகிற கடைசி ஊர் சிற்றாங்கரை. அங்கே கிராம நிர்வாக அலுவலருக்கு உதவியாளராக இருக்கிறாள் ஆவுடைத்தாய். காகிதத்தில்தான் கிராம உதவியாளர், ஊர் வாயில் தலையாரியம்மா. வயது நாற்பத்தெட்டு. அவளுக்கு மேலே இருக்கும் அலுவலர் காந்திமதிநாதனுக்கு வீடு திருநெல்வேலி டவுணில். பக்கத்துக் கிராமத்துக்கும் சேர்த்துப் பொறுப்பு பார்ப்பதால் சிற்றாங்கரைக்கு வாரத்தில் மூன்று நாள் வந்தால் பெரிது. ஊரில் யாருக்காவது சான்றிதழ் வேண்டுமென்றால் மனு கம்ப்யூட்டரில் அவரிடம் வரும். உடனே போனை எடுப்பார். “ஆவுடைத்தாயம்மா, இது உள்ளதுதானா? பாத்துச் சொல்லுங்க.” அவள் பார்த்துச் சொல்வதுதான் அறிக்கை. அவர் கையெழுத்து மட்டும் போடுவார்.

அவள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது லேசுப்பட்டதல்ல. மனுப் போட்டவர் வீட்டுக்கு நேரே போக மாட்டாள். முதலில் எதிர்வீடு, பிறகு குழாயடி, அப்புறம் டீக்கடை. கேட்பதெல்லாம் வேறு விஷயமாக இருக்கும். விதவை என்று ஒருத்தி எழுதியிருந்தால், அவள் வீட்டுக் கொடியில் ஆம்பிளைத் துணி காய்கிறதா என்று பார்ப்பாள். நடையில் கிடக்கிற செருப்பின் அளவைப் பார்ப்பாள். ஒருமுறை ஒரு வீட்டு ஜன்னலில் சவரக் கத்தி இருந்ததைப் பார்த்துவிட்டு மூன்று நாள் அந்தத் தெருவையே சுற்றினாள். கடைசியில் அது பென்சில் சீவுகிற கத்தி. “இருக்கட்டும், பாத்து வைக்கது நல்லதுதானே” என்று சொன்னாளே தவிர, தப்பாக நினைத்துவிட்டோமே என்று ஒரு வார்த்தை வரவில்லை.

இப்படி ஒருத்தி தானாக ஆகிவிட மாட்டாள். ஆவுடைத்தாய் பிறந்தது ஆழ்வார்குறிச்சியில். சிற்றாங்கரைத் தலையாரி தேவேந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தேவேந்திரன் மஞ்சள் காமாலையில் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது மகள் பொன்செல்வி இரண்டாம் வகுப்பில் இருந்தாள். கணவன் வேலையைக் கருணை அடிப்படையில் அவளுக்குத் தரலாம் என்று சட்டம் இருந்தது. அதற்குள் எவனோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டான்: இவள் தேவேந்திரனோடு வாழவே இல்லை, ஆழ்வார்குறிச்சியில் தனியாக இருந்தவள். போயிற்றா! இரண்டு வருஷம் தாலுகா ஆபீசுக்கு நடந்தாள். கல்யாணப் போட்டோவைக் காட்டினால், படத்தில் இருப்பது நீதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஊர்க்காரர்கள் நாலு பேரைக் கூட்டிப்போய்ச் சொல்ல வைத்தாள். “வாயால சொன்னா போதுமாம்மா? பேப்பர் எங்க?” என்றார் ஒரு குமாஸ்தா. அந்த ஒரு வார்த்தையை அவள் விழுங்கிவிட்டாள். வேலை கிடைத்தபிறகு அதே வார்த்தையை ஊர் முழுக்கத் துப்ப ஆரம்பித்தாள். என்ன செய்வது, பட்டவர்கள் எல்லாரும் இளகிப்போவார்கள் என்று யார் சொன்னது?

அவள் கையில் இந்த வருஷம் மாட்டியவள் அங்கம்மா.

அங்கம்மா ஆந்திராக்காரி. இந்த ஊர்ச் சங்கிலிபூதத்தான் வாலிபத்தில் அங்கே கிரானைட் குவாரியில் கல்லுக்குத் துளை போடப் போனான். போன இடத்தில் குவாரிக்குச் சோறு ஆக்கிப் போட்ட வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. வந்தபோது “தண்ணி” என்ற வார்த்தையைத் தவிர ஒன்றும் தெரியாது. இப்போது குழாயடியில் அவள் பேசுகிற பேச்சைக் கேட்டால் அவளை ஆந்திரா என்று சொல்ல முடியாது, கோபம் வந்தால் மட்டும் பாஷை மாறும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்தும் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டாள். மூன்று வருஷம் முன்னால் வயலில் மோட்டார் போடப்போன சங்கிலிபூதத்தானைக் கரண்ட் அடித்துவிட்டது. அவளும், நாலாம் வகுப்புப் படிக்கிற மகளும் மிச்சம். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அம்மா லீவு போட்டால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். இவள் போடுகிற சாம்பாருக்குப் பிள்ளைகள் இரண்டாந்தடவை தட்டை நீட்டும்.

அந்தக் கூடத்துக்கே சமையல் உதவியாளர் வேலை வந்தது. விதவைகளுக்கு முன்னுரிமை. உள்ளூராக இருக்க வேண்டும், தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். அமைப்பாளர் சண்முகசுந்தரி டீச்சரே அங்கம்மா வீட்டுக்குப் போய், “ஏ பிள்ளை, இது ஒனக்குன்னே வந்த மாதிரி இருக்கு. விதவைச் சான்று மட்டும் வாங்கிரு. மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள ஒன்றிய ஆபீஸ்ல குடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

அவள் இ-சேவை மையத்தில் மனுப் போட்ட நாலாம் நாள் காந்திமதிநாதனுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. அந்த வேலைக்கு ஆசைப்பட்ட வேறு யாரோ எழுதியிருக்க வேண்டும். அங்கம்மாவுக்கு ஆந்திராவில் முதல் புருஷன் உயிரோடு இருக்கிறான், சங்கிலிபூதத்தானோடு நடந்தது கல்யாணமே இல்லை என்று அதில் இருந்தது.

மொட்டைக் கடுதாசியால் தானே சீரழிந்தவள், அதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டாமா ஆவுடைத்தாய்? அதுதான் இல்லை. படித்ததும் அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

“சார், இதுல என்னமோ இருக்கு” என்றாள்.

“என்ன இருக்கு?”

“அவன் கல்யாணம் முடிச்சதை நம்ம ஊர்ல யாரு பாத்தா? கூட்டிட்டு வந்ததைத்தான் பாத்தோம்.”

விசாரணை தொடங்கியது. அங்கம்மாவுக்கு எதிர்வீடு முப்பிடாதி. தாயில்லாப் பிள்ளை போல வந்தவளுக்குத் தமிழும் மீன்குழம்பும் கற்றுக்கொடுத்தவள். “மதினி, பன்னெண்டு வருசமா வாசலுக்கு வாசல் இருக்கோம். அந்தப் பிள்ளை ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல” என்றாள் முப்பிடாதி. “நீ கேக்கலங்கதுக்காவ அவ சொல்லலன்னு ஆயிருமா?” என்று கேட்டுவிட்டு ஆவுடைத்தாய் கொடியைப் பார்த்தாள். கொடியில் ஒரு முழுக்கைச் சட்டை காய்ந்தது. அட கடவுளே, வயல் வேலைக்குப் போகிற எந்தப் பொம்பளை சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை மாட்டாமல் போகிறாள்? இது ஆவுடைத்தாய்க்கும் தெரியும். தெரிந்தும் அந்தச் சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தாள்.

அங்கம்மா தன்னிடம் இருந்த காகிதங்களை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணத்தைப் பதிந்த சான்று ஒன்று. அது பழசு. கடுதாசி விஷயம் தெரிந்ததும் ஆந்திராவில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். அண்ணன் அங்கே ஆபீசில் நின்று, என் தங்கைக்கு நடந்த கல்யாணம் இது ஒன்றுதான் என்று ஒரு சான்று வாங்கி அனுப்பியிருந்தான். இரண்டிலும் ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் இங்கிலீஷ். கொண்டபாடு மண்டலம் என்று போட்டிருந்தது.

“மண்டலம்னா என்ன சார், நம்ம ஜில்லா மாதிரியா?” என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

“இல்லம்மா. நம்ம தாலுகாவைவிடச் சின்னது, தாலுகாவுக்குள்ள வர்ற பிர்க்காவைவிடக் கொஞ்சம் பெருசுன்னு வச்சிக்கோங்க. அதுக்கும் ஒரு தாசில்தார் உண்டு” என்றார் காந்திமதிநாதன். சொல்லிவிட்டு வேறு கிராமத்து அடங்கல் பதிவேட்டைத் திறந்துகொண்டார்.

ஆவுடைத்தாய் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்துவிடுவாள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பெயர் ஒன்று. தகப்பன் பெயர் ஒன்று. ஊர் ஒன்று. மண்டலம் ஒன்று. ஆனால் பழைய காகிதத்தில் ஜில்லா பிரகாசம். புதுக் காகிதத்தில் ஜில்லா பாபட்லா.

“சார்!” என்று அவள் கூப்பிட்ட கூப்பிடுதலில் காந்திமதிநாதன் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் அங்கம்மாவை ஆபீசுக்கு வரவழைத்தார்கள். அவள் பயந்துதான் வந்தாள். ஆனால் கேட்டதும் முகம் தெளிந்தது.

“அக்கா, அது பழைய ஜில்லா. நடுவுல பிரிச்சிட்டாவளாம், அண்ணன் சொன்னாரு. எங்க ஊரு புது ஜில்லாவுக்குப் போயிட்டு.”

“ஊரு என்ன கோழியா, இங்கன இருந்து அங்கன நடந்து போவ?” என்றாள் ஆவுடைத்தாய்.

“ஊரு போவலக்கா. ஜில்லாதான்…”

“ஏளா, நான் பதினாலு வருசமா காயிதம் பாக்கேன். என் காதுல பூ சுத்தாத. ஒரே மண்டலம், ரெண்டு ஜில்லா. ஒண்ணு நெசம்னா ஒண்ணு பொய்யி. எது பொய்யின்னு நீயே சொல்லிரு.”

அங்கம்மா காந்திமதிநாதனைப் பார்த்தாள். அவர் ஆவுடைத்தாயைப் பார்த்தார். கையில் இருக்கும் போனில் தட்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்த மனுஷனுக்கு அதற்கு நேரமில்லை, அல்லது மனமில்லை. அங்கம்மாவுக்குக் கோபத்தில் பாஷை மாறிவிட்டது. தெலுங்கில் என்னவோ படபடவென்று சொல்லிக்கொண்டே அழுதாள். “பாத்தியளா சார், மாட்டிக்கிட்டதும் பாசை மாறுது” என்றாள் ஆவுடைத்தாய். ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, பரிந்துரைக்க இயலவில்லை என்று அறிக்கை போயிற்று. நாலே நாளில் மனு தள்ளுபடி.

கடைசி வெள்ளிக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அங்கம்மா மகளை முப்பிடாதி வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறினாள். இரண்டு ஜில்லாவும் ஒன்றுதான் என்று மண்டல ஆபீசில் எழுதி வாங்கிவரப் போகிறாளாம். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த முப்பிடாதி, வழியில் நின்ற ஆவுடைத்தாயிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “போனவ வருவாளான்னு பாப்போம்” என்று ஆவுடைத்தாய் டீக்கடையில் சொன்னாள். போலி என்றால் திரும்பி வர மாட்டாள், வராவிட்டால் தான் சொன்னது சரி. அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி. வேறு என்ன சொல்ல!

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு ஆவுடைத்தாய் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புது நம்பர். புது நம்பரை அவள் உடனே எடுக்க மாட்டாள். மூன்றாம் தடவை அடித்ததும் எடுத்து, பேசாமல் காதில் வைத்துக்கொண்டாள்.

“ஹலோ, பொன்செல்வியோட அம்மாங்களா? பெங்களூர்ல இருந்து பேசறேன்.” கன்னட வாடை அடிக்கிற தமிழ்.

அவள் மகள் பொன்செல்விக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சேருவதற்கு முன்னால் கம்பெனி, ஆளை வைத்துப் படிப்பு, விலாசம் எல்லாவற்றையும் சரிபார்க்கும். இவன்தான் அந்த ஆள்.

“உங்க பொண்ணு பேப்பர்ல ஒரு ப்ராப்ளம் இருக்கும்மா. ஸ்கூல் டி.சி.ல ஆழ்வார்குறிச்சி, திருநெல்வேலி டிஸ்ட்ரிக்ட்னு இருக்கு. ஆதார்ல ஆழ்வார்குறிச்சி, தென்காசி டிஸ்ட்ரிக்ட்னு இருக்கு. ஒரே ஊர், ரெண்டு டிஸ்ட்ரிக்ட். எது ஒரிஜினல்? டூப்ளிகேட்னா நான் ரிஜெக்ட்னு போட்டுடுவேன்.”

பொன்செல்வி ஆறாம் வகுப்பு முதல் ஆழ்வார்குறிச்சியில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தவள். ஆதாரும் அந்த விலாசத்தில்தான். ஆவுடைத்தாய்க்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

“யாரப் பாத்து டூப்ளிகேட்டுங்க? நான் கவர்மெண்டு வேலை பாக்கவ, தெரியுமா? எங்க ஊரு அங்கனயேதான்யா இருக்கு, ஒரு அடி நவுரல! கவர்மெண்டுல்லா ஜில்லாவப் பிரிச்சி தென்காசின்னு புதுசா வச்சாவ! எம்மவ படிக்கும்போது திருநெல்வேலி, இப்பம் தென்காசி. ரெண்டும் நெசம்தான். ஊரு நவுராதுய்யா, ஜில்லாதான்…”

அதோடு நின்றுவிட்டாள்.

“ஹலோ? ஹலோ, ஜில்லாதான் என்னம்மா?” என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஜில்லாதான் மாறிச்சி” என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. “செத்த நேரத்துல எம்மவ அரசாங்க உத்தரவ அனுப்புவா. ஒரு போனத் தட்டிப் பாத்தா ஒனக்கே தெரியும். பாக்காம ரிஜெக்டுன்னு போட்டுறாதய்யா. ஒரு பிள்ளை பொழப்பு.”

கடைசி வார்த்தை அவளையே திருப்பி அடித்தது. சொந்த ஊர் ஜில்லா மாறி ஆறு வருஷம் ஆகிறது. அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தென்காசி மாவட்டம் தங்களை வரவேற்கிறது என்ற போர்டைத் தாண்டித்தான் போகிறாள். தன் ஊர் மாறினால் அது சேதி, ஆந்திராவில் மாறினால் மட்டும் ஜோடிப்பு என்று எப்படித் தோன்றிற்று? ஆந்திராக்காரி சொன்னாள் என்பதால்தான். அதற்கு வேறு காரணமே கிடையாது.

காந்திமதிநாதனுக்குப் போன் போட்டாள். விவரத்தைக் கேட்டதும் அவர் மறுமுனையில் தட்டிப் பார்த்தார். “ஆமா, மூணு வருசம் முன்ன பிரிச்சிருக்கான்” என்றார். “ஏம்மா, நீங்கதானே அடிச்சுச் சொன்னீய?”

“நாந்தான் சார் சொன்னேன். இப்பம் என்ன செய்ய?”

“இனி என்ன செய்ய? மணி அஞ்சாவப் போவுது. புதுசா மனுப் போடச் சொல்லுங்க, பாத்துச் சீக்கிரம் தந்துருவோம்.”

“வேலைக்கு இன்னைக்குத்தானே சார் கடைசி?”

அவர் போனை வைத்துவிட்டார். அங்கம்மாவுக்குப் போட்டாள். நாலு தடவை அடித்தபிறகு எடுத்தாள்.

“அங்கன காயிதம் குடுத்தாவளா?” என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

“இல்லக்கா. ஒம்பது நாளா நிக்கேன். நீ இந்த மண்டலத்து ஆளே இல்ல, பேரை வெட்டிட்டுப் போயி பன்னெண்டு வருசம் ஆச்சு, ஒன் ஊர்ல போயிக் கேளுன்னு சொல்லுதாவ.” அழுகை இல்லை. அழுது முடித்துவிட்ட குரல். “எந்த ஊருன்னு கேட்டேன். சிரிக்காவ.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கம்மா வந்து இறங்கினாள். ஆவுடைத்தாய் அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். நேராக அந்த வீட்டுக்கு அவள் போனது இதுதான் முதல் தடவை. முப்பிடாதியும் அங்கேதான் இருந்தாள். ஆவுடைத்தாய் சங்கதியை ஒளிக்காமல் சொன்னாள். பெங்களூர்க்காரன் கேட்டது, தான் சொன்னது எல்லாம்.

முப்பிடாதிக்கு வந்ததே ஆத்திரம்! “நல்லா இருப்பியா நீ? ஒம்மவளுக்குன்னா மட்டும் ஜில்லா மாறுமோ?” என்று பிடித்துக்கொண்டாள். தெரு கூடிவிட்டது. அங்கம்மா முப்பிடாதியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“திட்டி என்னக்கா ஆவப் போவுது” என்றாள். பிறகு ஆவுடைத்தாயிடம், “டீச்சர் போன்ல சொன்னாவ. இன்னும் ஆள் எடுக்கலையாம். நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல போயி, தப்பு ஆபீஸ் பக்கந்தான், எம்பக்கம் இல்லன்னு காட்டுனா எடுத்துக்கிட வழி இருக்காம். நீங்க இப்பம் சொன்னத எழுதிக் குடுங்க” என்றாள்.

ஆவுடைத்தாய் திகைத்துப் போனாள். “நான் வந்து வாயால சொல்லுதேனே?”

“வாயால சொன்னா யாரு நம்புவா?”

கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஆவுடைத்தாய் சற்றுத் தள்ளிப் போய்க் காந்திமதிநாதனுக்குப் போட்டாள். அவர் பதறிவிட்டார். “எழுதிக் கிழுதித் தொலைச்சிராதீங்க! எழுத்துல போச்சுன்னா விளக்கம் கேப்பான். ஒங்க வேலைக்குத்தான் முதல்ல ஆபத்து. என்னையும் சேத்து இழுக்காதீங்க, எனக்குப் பிரமோஷன் கிடக்கு. பைய நழுவி வந்துருங்க.”

அவளுக்கும் சந்தேகம் வந்தது. வராமல் இருக்குமா? இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இவள் கேஸ் போட்டால்? டீச்சர் தூண்டிவிட்டு நடக்கிற வேலையாக இருந்தால்? இரண்டு வருஷம் நாயாக அலைந்து வாங்கிய வேலை. இன்னும் பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. திரும்பிப் பார்த்தாள். அங்கம்மா மகளின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு நடையில் வைத்துவிட்டு, காத்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை.

ஆவுடைத்தாய் உட்கார்ந்து எழுதினாள். நான் இன்னார், இன்ன வேலையில் இருக்கிறேன், ஜில்லா பிரிந்தது தெரியாமல், தெரிந்துகொள்ள முயலாமல், மனுதாரர் எடுத்துச் சொல்லியும் நம்பாமல் தவறாக அறிக்கை கொடுத்தது நான்தான். பெயர், தேதி, கையெழுத்து. காந்திமதிநாதன் பெயரை எழுதவில்லை.

அங்கம்மா தாளை வாங்கி எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டும் நம்பிக்கை வரவில்லை. “நீங்க வாசிங்கக்கா” என்று முப்பிடாதியிடம் கொடுத்தாள். முப்பிடாதி தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தாள். “நம்பாமல்” என்ற இடம் வந்தபோது இரண்டு தடவை வாசித்தாள். ஆவுடைத்தாய் தலை நிமிரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. சாகலாம் போல இருந்தது.

“சரியாத்தான் எழுதியிருக்காவ” என்று தாளை மடித்துக்கொண்டாள் அங்கம்மா. “நாளைக்கு நீங்களும் வரணும்க்கா.”

“வாரேன்.”

மறுநாள் மனு வாங்குகிற இடத்தில் கூட்டம் நெரிந்தது. இவர்கள் முறை வர மதியம் ஆகிவிட்டது. மேஜைக்குப் பின்னால் இருந்தது ஒரு பெண் அதிகாரி. தாளை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொருமுறை படித்தார். பிறகு ஆவுடைத்தாயை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது நீங்க எழுதினதா?”

“ஆமாம்மா. நாந்தான் எழுதுனேன்.”

“எந்தக் கவர்மெண்ட் ஸ்டாஃபும் இப்படி எழுதிக் குடுத்து நான் பாத்ததில்லையே. யாராவது மிரட்டி எழுதி வாங்கினாங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப ஏதாவது வாங்கிட்டு எழுதினீங்களா? மறைக்காம சொல்லுங்க. அந்தம்மா சொந்தமா?”

இல்லை என்று சொல்ல ஆவுடைத்தாய் வாய் திறந்தாள், வார்த்தை வரவில்லை. பதினாலு வருஷத்தில் எத்தனை பேர் தன் முன்னால் இப்படி வாயடைத்து நின்றார்கள், நிற்கிறவனிடம் கள்ளம் இருக்கிறது என்று எத்தனை தடவை எழுதினோம் என்று அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. அதிகாரி பேனாவின் மூடியைத் திருகி மூடினார்.

“அக்கா அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா” என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

அதிகாரி அங்கம்மா பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பன்னெண்டு வருசமா ஒரே ஊரும்மா. சந்தேகம் ரொம்ப உண்டு, அது உள்ளதுதான். எனக்குச் செய்ததும் அநியாயந்தான். ஆனா ஒத்த ரூவா வாங்க மாட்டாவ, பொய்யும் எழுத மாட்டாவ. ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாவ.”

“அதுக்கு ஏதாவது ஆதாரம்?”

“நான் சொல்லுதேம்லாம்மா” என்றாள் அங்கம்மா.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனா மூடியை மறுபடி திருகித் திறந்தார். தாமதம் மனுதாரரால் ஏற்பட்டதல்ல, விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்க என்று எழுதினார். அதன் கீழே, கிராம உதவியாளரிடம் விளக்கம் பெறுக என்று இன்னொரு வரியும் எழுதினார். அங்கம்மா காகிதத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். ஆவுடைத்தாய் மேஜையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற கிழவர் ஒருவர், “நவுருங்கம்மா, நாங்களும் குடுக்கணும்லா” என்றார்.